கள்ளி முதல் கீழ்க்காய்நெல்லி வரை: வளவுச் செடிகளின் சாதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பூச்சாடி வளர்ப்பவர்கள், வரம்போரம் கீரை பிடுங்குபவர்கள், உயிரியல் படிக்கும் பிள்ளைகள் என்று மூன்று தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறோம். முன்னுக்குச் சொன்னதைப் பின்னுக்கு மறுபடி சொல்லவில்லை. முதல் மூன்றையாவது வரிசையாக வாசித்துவிடுங்கள், மற்றவை லேசாகப் பிடிபடும்.

1. பள்ளிக்கூடப் புத்தகத்தில "சாதி" எண்டு கிடக்கு, இணையத்தில "பேரினம்" எண்டு போடுறாங்க. ரெண்டும் ஒண்டா?

ஒன்றுதான். இலங்கைப் பாடநூல்களில் குடும்பம், சாதி, இனம் என்று வரும். தமிழ்நாட்டில் குடும்பம், பேரினம், சிற்றினம் என்பார்கள். "இனம்" என்ற சொல் இரண்டு பக்கமும் ஓடுவதால்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். இங்கே இலங்கை வழக்கையே பின்பற்றுகிறோம்.

தாவரத்தின் அறிவியற்பெயரில் இரண்டு சொல் இருக்கும். முதற்சொல் சாதி, இரண்டும் சேர்ந்தால் இனம். இந்த முறையைத் தாவரங்கள் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பொருத்தியவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ், 1753இல். அம்மான் பச்சரிசியின் பெயர் யூபோர்பியா ஹிர்ட்டா. சதுரக்கள்ளியின் பெயர் யூபோர்பியா அன்டிகுவோரம். ஒன்று கணுக்கால் உயரப் பூண்டு, மற்றது ஆளை மறைக்கும் முள்மரம். முதற்பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே சாதி. உயரத்தையும் முள்ளையும் வைத்துச் சாதி பிரிப்பதில்லை. பூவும் காயும் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதுதான் முதற்கணக்கு, இப்போது மரபணுவும் சேர்ந்துகொண்டது.

2. நாங்க ஊர்ப் பெயரிலதான் கூப்பிடுறம். அதில என்ன குறை?

சந்தைக்கும் சமையலுக்கும் குறையில்லை. மருந்துக்கு என்று வரும்போது இடிக்கும். "பிரமி" என்று கேட்டால் ஓரிடத்தில் நீர்ப்பிரமி தருவார்கள், இன்னோரிடத்தில் வல்லாரை தருவார்கள். நீர்ப்பிரமி பாக்கோப்பா சாதி: சிறிய தடித்த இலை சோடி சோடியாக இருக்கும், வெள்ளை அல்லது வெளிர் ஊதாப் பூ. வல்லாரை செண்டெல்லா சாதி, கொத்தமல்லிக் குடும்பம். குடும்பமே வேறு.

வல்லாரையிலும் ஒரு கவனம் வேண்டும். குளத்தொட்டிக்கு என்று விற்கிற, காசு போல வட்ட இலை உள்ள செடி ஹைட்ரோகொட்டைல் சாதி. இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பு இலையின் நடுவில், குடைக்குக் கம்பு வைத்த மாதிரிச் சேர்ந்தால் அது ஹைட்ரோகொட்டைல். ஓரத்து வெட்டில் சேர்ந்தால் வல்லாரை. சம்பலுக்கு இரண்டாவதைத்தான் பிடுங்க வேண்டும்.

3. முள்ளு இருந்தா கள்ளி, கள்ளி எண்டா கக்டஸ். அப்பிடித்தானே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, அதிகம் பிழையாகப் பதில் சொல்லப்படுவதும் இதுதான். தமிழில் "கள்ளி" என்ற ஒரு சொல் இரண்டு தனித்தனிக் குடும்பங்களை மூடிக்கொண்டிருக்கிறது. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, கொம்புக்கள்ளி எல்லாம் யூபோர்பியா சாதி, ஆமணக்கின் குடும்பம். நாகதாளி என்கிற சப்பாத்திக்கள்ளி ஒப்பன்சியா சாதி, கக்டஸ் குடும்பம்.

பிரித்தறிய முள்ளை எண்ண வேண்டாம், முள் எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். நாகதாளி மடல் ஒன்றை இடுக்கியால் பிடித்து வெயிலுக்குச் சாய்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும்: இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, மல்லி விதையை விடச் சிறிய, பழுப்புப் பஞ்சு ஒட்டிய திட்டுகள். முள், பூ, புது மடல் மூன்றும் அந்தத் திட்டிலிருந்துதான் வரும். கக்டஸ் குடும்பத்தில் எதை எடுத்தாலும் இந்தத் திட்டு இருக்கும், முள்ளே இல்லாத கக்டஸிலும் இருக்கும். சதுரக்கள்ளியில் அது கிடையாது. தண்டின் விளிம்பு மேட்டில் குட்டை முட்கள் இரண்டிரண்டாகச் சோடி போட்டு நிற்கும், அவ்வளவுதான்.

அடுத்தது பால். யூபோர்பியாவை நகத்தால் கீறினாலே வெள்ளைப் பால் துளிர்க்கும். நாகதாளியை வெட்டினால் வெண்டிக்காய் போல வழுவழுப்பு வரும், பால் வராது. ஆனால் மமில்லேரியா சாதிக் கக்டஸ் சிலவற்றில் பால் உண்டு. அதனால் பாலை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள், திட்டையும் பாருங்கள். பூ கிடைத்தால் சந்தேகமே இல்லை. கக்டஸ் பூ பெரியது, இதழும் மகரந்தக் கேசரமும் எண்ணிக்கையில்லாமல் இருக்கும். யூபோர்பியாவில் ஒரு பூ போலத் தெரிவது உண்மையில் ஒரு கிண்ணம். அதற்குள் ஒரேயொரு பெண்பூ, சுற்றிலும் ஒற்றைக் கேசரமே ஆன ஆண்பூக்கள். காய் மூன்று பிளவாக உருண்டிருக்கும். அம்மான் பச்சரிசியின் காயைக் கைவில்லையில் பார்த்தால் அதே மூன்று பிளவு, சதுரக்கள்ளியின் குட்டி அச்சு.

இரண்டும் ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் வரட்சி. அமெரிக்க வரள்நிலத்தில் ஒரு குடும்பமும், ஆபிரிக்கா, ஆசியா வரள்நிலங்களில் இன்னொரு குடும்பமும் இலையைக் குறைத்துத் தண்டில் நீர் சேர்த்துக்கொண்டன. வேலை ஒன்று, வேர்வழி வேறு.

4. அப்ப இலங்கைக்குச் சொந்தமான கக்டஸ் ஒண்டுமே இல்லையா?

ஒன்று இருக்கிறது. றிப்சாலிஸ் பாக்சிபெரா. ஈரமான காட்டு மரங்களில் பச்சைக் கயிறு தொங்குவது போல ஒட்டி வளரும், முள் கிடையாது, வெள்ளை முத்துப் போலச் சின்னக் காய். கக்டஸ் குடும்பத்தில் அமெரிக்காவுக்கு வெளியே இயற்கையாக வளரும் இனம் இது ஒன்றுதான். ஆபிரிக்கா, மடகஸ்கார், இலங்கை என்று பரந்திருக்கிறது. எங்கள் வரண்ட கரையில் தேடிக் களைக்க வேண்டாம், அது மலைப்பக்கத்துச் சாமான்.

நாகதாளி வந்தேறி. அம்பாந்தோட்டை, புந்தலப் பக்கம் பற்றையாகப் பிடித்துப் பெரிய தொல்லையாகிவிட்டது. இதிலே ஒரு பழைய கதை உண்டு. 1860களில் இந்தியாவிலிருந்து கொச்சினீல் பூச்சியை இலங்கைக்குக் கொண்டுவந்து ஒப்பன்சியாவில் ஓர் இனத்தை அடக்கினார்கள். ஒரு களையை ஒழிக்க ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பூச்சியை வேண்டுமென்றே கொண்டுபோன ஆரம்ப முயற்சிகளில் அது ஒன்று. அந்தப் பூச்சி மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும். குச்சியால் நசித்தால் இரத்தச் சிவப்பு வரும். நாகதாளியை வேலிக்காக நடாதீர்கள். ஒரு மடல் விழுந்த இடத்தில் வேர்விடும், வெட்டி எறிந்தாலும் எறிந்த இடத்தில் முளைக்கும்.

5. நாகதாளிப் பழம் தின்னலாமா?

தின்னலாம். ஊதாச் சிவப்பாகப் பழுத்த பழம் இனிக்கும், வாயும் நாக்கும் சிவக்கும். ஆபத்து பெரிய முள்ளில் இல்லை, பழத்தின் மேலிருக்கும் பஞ்சுத் திட்டில் இருக்கிறது. அதில் மயிர் போன்ற நுண்முட்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றும் பின்புறம் கொக்கி வைத்தது, தொட்டவுடன் கழன்று தோலுக்குள் போகும்.

இடுக்கியால் பறித்து, நெருப்பில் சுற்றிச் சுற்றி வாட்டினால் நுண்முள் பொசுங்கும். பிறகு இரண்டு முனையையும் வெட்டி, நெடுக ஒரு கீறல் போட்டுத் தோலை உரியுங்கள். கையில் ஏறிவிட்டால் தேய்க்காதீர்கள், முறிந்து உள்ளே நிற்கும். ஒட்டும் நாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் பாதிக்கு மேல் வந்துவிடும், மிச்சத்தை மயிர் பிடுங்கும் இடுக்கியால் எடுக்கலாம்.

6. கள்ளி வெட்டக்குள்ள பால் கண்ணுல தெறிச்சிட்டு. தாய்ப்பால் விட்டா சரிவருமா?

வேண்டாம். உடனே சுத்தமான தண்ணீர், அதுவும் நிறைய. ஓடும் குழாயில் அல்லது ஒருவர் ஊற்ற, கண்ணைத் திறந்து வைத்து 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். கசக்கக் கூடாது. கழுவியபின் எரிவு குறைந்தாலும் ஆசுப்பத்திரிக்குப் போங்கள். யூபோர்பியாப் பால் கருவிழியைப் புண்ணாக்கும், பார்வை மங்குவது சில மணிநேரம் கழித்துத்தான் தெரியவரும். கொம்புக்கள்ளியின் பால் இதில் மோசமானது. அதன் அறிவியற்பெயர் யூபோர்பியா திருக்கள்ளி. மலபார்க் கரையில் வழங்கிய "திருக்கள்ளி"யை லின்னேயஸ் அப்படியே எடுத்துவைத்தார்.

வாவியோரத்துத் தில்லை மரத்துக்கும் இதே எச்சரிக்கைதான். அது எக்ஸ்கோகேரியா சாதி, யூபோர்பியாவின் குடும்பம். பால் கண்ணில் பட்டால் கொஞ்ச நேரத்துக்காவது குருடாக்கும். விறகுக்கு வெட்டுபவர்கள் காற்றுக்கு முதுகு காட்டி நின்று வெட்ட வேண்டும்.

7. ராவில பூக்கிற கடுபுல் பூ என்ன சாதி? அதுக்கும் ட்ராகன் பழத்துக்கும் சொந்தம் எண்டு சொல்றாங்க.

சொந்தம்தான், இரண்டும் கக்டஸ். கடுபுல் என்பது எபிபில்லம் ஒக்சிபெட்டாலம். அதன் சொந்த ஊர் மெக்சிக்கோப் பக்கம். நாம் "இலை" என்று நினைப்பது தட்டையான தண்டு. அதன் விளிம்பில் உள்ள வெட்டுக்களைப் பாருங்கள். 3ஆம் கேள்வியில் சொன்ன திட்டு அங்கேதான் ஒளிந்திருக்கிறது, மொட்டும் அங்கிருந்துதான் கிளம்பும். இலையிலிருந்து பூ வருகிறது என்று அதிசயப்படுகிறவர்களுக்கு விடை இதுதான். தமிழ்நாட்டில் இதைப் பிரம்ம கமலம் என்கிறார்கள். இமயமலைப் பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பம், பேர் மட்டும்தான் ஒற்றுமை.

ட்ராகன் பழம் முன்பு ஹைலோசீரியஸ் சாதி, 2017 முதல் செலினிசீரியஸ் சாதிக்குள் சேர்த்துவிட்டார்கள். பூத்தும் காய் பிடிக்கவில்லை என்று முறையிடுபவர்கள் அநேகமாக ஒரே கொடியை வெட்டி வெட்டி வளவு முழுக்க நட்டவர்கள். சிவப்புச் சதை வகைகளில் பல தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறு வகைக் கொடி ஒன்று வேண்டும். இரவு பூ நன்றாக விரிந்தபின், விடியமுன்னர், ஒரு பூவின் மகரந்தத்தை மென்மையான தூரிகையால் எடுத்து மற்றப் பூவின் நடுவிலிருக்கும் விரல்விரலாகப் பிரிந்த சூல்முடியில் தடவுங்கள். பிடித்தால் ஏறத்தாழ 30 முதல் 40 நாளில் பழம்.

8. சந்தையில வாங்கின சிவப்புத் தொப்பிக் கக்டஸ் ஒரு வருசத்துல செத்துப் போகுது. என்னத்தால?

அது ஒரு செடியல்ல, இரண்டு. மேலேயிருக்கும் சிவப்பு அல்லது மஞ்சள் உருண்டை ஜிம்னோகாலிசியம் சாதி, யப்பானில் தெரிந்தெடுத்த பச்சையமற்ற வகை. தானாகச் சமைக்கத் தெரியாததால் அதை ட்ராகன் கொடித் துண்டின் தலையில் ஒட்டி விற்கிறார்கள். கீழ்த்துண்டு பெரிதாகித் தள்ளும், அல்லது அழுகும். நன்றாகப் பார்த்தாலும் சில வருடம்தான். நீடிக்க வேண்டுமென்றால் மறுபடி ஒட்டலாம். கூரான, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் புதுத் தண்டின் தலையைத் தட்டையாக வெட்டி, உருண்டையின் அடியையும் வெட்டி, இரண்டிலும் நடுவில் தெரியும் வளையம் கொஞ்சமாவது ஒன்றின்மேல் ஒன்று படும்படி வைத்து ரப்பர் வளையத்தால் சாடியோடு கட்டுங்கள். நிழலில் 7 முதல் 10 நாள் வையுங்கள், வெட்டில் தண்ணீர் படக்கூடாது.

9. மற்றக் கக்டஸ் எல்லாம் மாரியில அழுகுது. வெயிலுக்கு ஒண்ணும் ஆகல்ல.

எங்கள் மாரி வடகீழ்ப் பருவ மழை, ஐப்பசி பிற்பகுதியிலிருந்து தை வரை வரும். அந்த மூன்று மாதமும் கக்டஸ் மழைக்கு வெளியே, வெளிச்சத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். கூரை ஓரத் தாழ்வாரம் போதும். மழைநீர் சொட்டும் தாழ்வாரம் வேண்டாம். கலவை: ஆற்று மணல் 2 பங்கு, பட்டாணி அளவு செங்கல் துண்டு 1 பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு 1 பங்கு. எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே கடல்பக்கம், இருப்பவர்கள் கைக்கெட்டும் கடல்மணலை அள்ளிப் போடுகிறார்கள், உப்பு வேரைக் கருக்கும். அதுதான் கிடைக்கும் என்றால் ஒரு மாரி முழுக்க மழையில் கிடந்த மணலை எடுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எடுக்கும் களிமண்ணைக் கைப்பிடியளவும் கலக்காதீர்கள், அது காய்ந்தால் கல், நனைந்தால் சேறு.

அழுகல் பெரும்பாலும் அடியில் தொடங்கும். தண்டை மெதுவாக அழுத்தினால் பழம் போல் உள்வாங்கும், நிறம் தண்ணீர்ப் பழுப்பாகும். தலைப்பக்கம் இன்னும் உறுதியாக இருந்தால், அழுகலுக்கு மேலே உட்சதையில் ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லாத இடம் வரை வெட்டி, வெட்டை நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, உலர்ந்த மணலில் நிறுத்துங்கள். வேர் வரும் வரை தண்ணீர் ஊற்ற வேண்டாம். கச்சான் என்கிற வரண்ட தென்மேல் காற்று அடிக்கும் மாதங்களில் மாத்திரம் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை, மாலையில், சாடியின் அடித்துளையால் வழியும் வரை ஊற்றுங்கள். தினமும் ஒரு சிரட்டை ஊற்றுவது எல்லாவற்றையும் விடக் கெட்டது.

10. கற்றாளை, மருள், பிரண்டை, அடீனியம்... இதெல்லாம் கக்டஸ் இல்லையா?

ஒன்றும் இல்லை. கற்றாளை ஆலோ சாதி. ஆனைக்கற்றாளை அகாவே சாதி, நாருக்கானது, ஒருமுறை பூத்தால் அந்தச் செடி சாகும். பிரண்டை சிஸ்ஸஸ் சாதி, திராட்சைக் குடும்பம், பற்றுக்கம்பியைப் பார்த்தாலே தெரியும். அடீனியம் அலரியின் உறவு, சாறு நஞ்சு, ஆடு மேயாத இடத்தில் வையுங்கள். மருளுக்கு 16ஆம் கேள்வியில் வருவோம்.

11. பெருநெல்லி மரமும் கீழ்க்காய்நெல்லிப் பூண்டும் ஒரே சாதி எண்டா நம்ப முடியல்ல.

கீழ்க்காய்நெல்லி ஒன்றைப் பிடுங்கி உள்ளங்கையில் கவிழ்த்து வையுங்கள். பார்வைக்குப் புளி இலை போல, ஒரு நடுக்காம்பில் இரண்டு பக்கமும் சிற்றிலை அடுக்கியது போல இருக்கும். இப்போது ஒவ்வொரு "சிற்றிலை"யின் அடியையும் பாருங்கள். கடுகு போன்ற காய், பக்கத்தில் ஒரு பொட்டுப் பூ. சிற்றிலையின் கக்கத்தில் பூ வராது, இலையின் கக்கத்தில்தான் வரும். ஆகவே நீங்கள் சிற்றிலை என்று நினைத்த ஒவ்வொன்றும் முழு இலை, நடுக்காம்பு என்று நினைத்தது ஒரு குட்டிக் கிளை. அந்தக் கிளை இலைபோலவே முழுசாக உதிரும். பெருநெல்லி மரத்தின் கீழே விழுந்து கிடக்கும் "இலை"களை எடுத்துப் பாருங்கள், அதே கட்டுமானம், ஆள் மட்டும் பெரிது. அருநெல்லியும் அப்படித்தான். மூன்றையும் பில்லாந்தஸ் சாதியில் வைத்தது இதனால்தான்.

மருந்துக்குப் பிடுங்குபவர்களுக்கு: ஒரே வரம்பில் மூன்று நான்கு பில்லாந்தஸ் இனம் கலந்து நிற்கும். காய் வழவழப்பாக, சிறு காம்பில் தொங்கினால் பில்லாந்தஸ் அமாரஸ், பொதுவாகக் கீழ்க்காய்நெல்லி என்பது இதுதான். காயின் மேல் சொரசொரப்பான முண்டு இருந்து, காம்பே இல்லாதது போல் ஒட்டிக்கொண்டு, தண்டும் செந்நிறமாக இருந்தால் பில்லாந்தஸ் உரினாரியா. புத்தகங்களில் கீழ்க்காய்நெல்லிக்கு "நிரூரி" என்று போடுவது பழைய பிழை, உண்மையான நிரூரி அமெரிக்க இனம்.

12. நெருஞ்சியில சின்னன், பெரிசு எண்டு ரெண்டு இருக்கே. ஒரே செடிதானே, வளந்தது வளராதது?

இல்லை, குடும்பமே வேறு. சிறுநெருஞ்சி ட்ரிபுலஸ்: தரையோடு படரும், புளி இலை போன்ற இலை, ஐந்து இதழ் மஞ்சள் பூ. காய் முதிர்ந்தால் ஐந்து துண்டாகப் பிரியும், ஒவ்வொன்றிலும் இரண்டு நீள முள், இரண்டு குட்டை முள். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். சைக்கிள் ரயருக்குப் பகை அதுதான். பூத்தவுடன் பிடுங்குங்கள், காய் பச்சையாக இருக்கும்போதே. காய்ந்தபின் பிடுங்கினால் விதைத்தது போலாகும்.

பெருநெருஞ்சி பெடாலியம், எள்ளின் குடும்பம். நிமிர்ந்த சதைப்பிடிப்பான செடி, இலை ஒற்றை, காய் நாற்பக்கமாக இருந்து அடியில் நான்கு முள். இந்தச் சாதியில் இது ஓரினம் மட்டும்தான், கூடப்பிறந்தது இல்லாத பிள்ளை. ஒரு கிளையைக் கோப்பைத் தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு போலக் குழம்பும். ட்ரிபுலஸ் அப்படிச் செய்யாது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது காயைப் பார்த்து வாங்குங்கள்.

13. உம்மா சாறணை எண்டு பிடுங்கினதுல வேற என்னவோ கலந்திருக்கு. எப்பிடித் தெரியும்?

மாரி விட்டதும் வளவில் ஒன்றாகப் படரும் நாலு செடி இவை. எதைப் பிடுங்கினாலும் முதலில் தண்டை முறியுங்கள். பால் வந்தால் அது படரும் யூபோர்பியா, கறிச்சட்டிக்கு வேண்டாம். 6ஆம் கேள்வியை நினைவு வைத்திருங்கள்.

பால் வராததில் மூன்று. சாறணை ட்ரையந்திமா சாதி: இலை எதிரெதிராக, ஒன்று பெரிது ஒன்று சிறிது, வெளிர் இளஞ்சிவப்புப் பூ காம்பின் அடிப்பைக்குள் பாதி புதைந்திருக்கும். பருப்புக்கீரை போர்ட்டுலக்கா சாதி: இலை கரண்டி வடிவம், மஞ்சள் பூ, காயை நகத்தால் தட்டினால் கிண்ண மூடி போல மேற்பாதி கழன்று கரிய விதை கொட்டும். பத்துமணிப்பூவும் இதே சாதி, மூடி போட்ட காயை அதிலும் பார்க்கலாம். மூக்கிரட்டை போவராவியா சாதி: இலை சாறணை மாதிரியே சோடியில் பெரிது சிறிது, ஆனால் பூ நீளக் காம்பில் பிரிந்து வெளியே நிற்கும், காய் சாறத்தில் ஒட்டும். சாறணையிலும் பருப்புக்கீரையிலும் ஒட்சலேற்று அதிகம். அவித்த முதல் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சுண்டுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அளவோடு.

14. ஒரே சாதி எண்டா ஒண்டைத் தின்னலாம் எண்டா மற்றதையும் தின்னலாமா?

இல்லவே இல்லை. நல்ல உதாரணம் ஐபோமியா. கங்குன், வத்தாளைக் கிழங்கு, கடற்கரை அடம்பன் கொடி மூன்றும் இந்தச் சாதி. புனல் போன்ற பூவில் ஐந்து மடிப்புக் கோடு தெரியும், காலையில் விரிந்து வெயில் ஏற வாடும். முதல் இரண்டும் சாப்பாடு. ஆனால் வாய்க்கால் ஓரம் இளஞ்சிவப்புப் பூவோடு ஆளுயரப் பற்றையாக நிற்கும் ஐபோமியா கார்னியாவைத் தொடர்ந்து தின்ற ஆட்டுக்கு நரம்புத் தளர்ச்சி வந்து நடை குழம்பும். சாதி ஒன்று என்பது "சந்தேகப்படத் தேவையில்லை" என்று அர்த்தமல்ல, "எங்கே பார்க்க வேண்டும்" என்று அர்த்தம்.

அடம்பனைப் பற்றி ஒரு வார்த்தை. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று சும்மா சொல்லவில்லை. கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்துவைத்திருப்பது அதுவும் இராவணன் மீசைப் புல்லும்தான். கடற்கரை துப்புரவு என்று கல்லடியிலிருந்து பொத்துவில் வரை அதைச் சுரண்டி எடுப்பவர்கள், அடுத்த வாடைக்காற்றில் மணல் எங்கே போகிறது என்று பார்க்கட்டும்.

15. அறுகம்புல்லும் பூக்கிற செடியா?

ஆம், புல் எல்லாம் பூக்கும். அறுகு சைனோடன் சாதி. நுனியில் கைவிரல் விரித்தது போல் 3 முதல் 6 கதிர், அதில் ஊதா நிறத் தூவி தெரிவதுதான் பூவின் சூல்முடி. மாலைக்குப் பறிக்கும்போது கலந்துவரும் இன்னொரு புல்லில் கதிர் தடித்து, நுனியில் மொட்டையான ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அது டக்டிலொக்டீனியம், அறுகல்ல. பொத்துவில் அறுகங்குடாக்காரர்களாவது இதைப் பிழைவிடக் கூடாது.

16. பேரை ஏன் மாத்திக்கொண்டே இருக்கிறாங்க? படிச்சதெல்லாம் வீணா?

மூன்று விதமாக மாறும். ஒரு சாதியை இன்னொன்றுக்குள் சேர்ப்பது: மருள் முன்பு சன்செவேரியா, இப்போது டிரசீனா. ட்ராகன் பழக் கதையும் அதுதான். ஒரு பெரிய சாதியை உடைப்பது: ஆவாரையும் தகரையும் ஒருகாலம் கொன்றையோடு கசியாவில் இருந்தன, 1982இல் நடந்த மறுவகைப்பாட்டோடு சென்னா ஆகின. உருளை போன்ற காயும், S எழுத்துப் போல வளைந்த மூன்று நீளக் கேசரமும் கொன்றைக்கு மட்டும் உண்டு. மூன்றாவது, பழைய பிழையைத் திருத்துவது, 11இல் சொன்ன நிரூரி போல.

எல்லா மாற்றத்தையும் எல்லோரும் ஏற்பதில்லை. 2022இல் வெளிவந்த ஒரு வகைப்பாடு பெருநெல்லியை எம்பிளிக்கா என்று தனிச் சாதியாக்குகிறது. பலர் இன்னும் பில்லாந்தஸ் என்றே எழுதுகிறார்கள். பரீட்சைக்குப் பாடநூலில் உள்ளதை எழுதுங்கள். செடி வாங்கும்போது பழைய பெயர், புதுப்பெயர் இரண்டையும் தெரிந்துவைத்திருந்தால் ஒரே செடியை இரண்டு தரம் வாங்கமாட்டீர்கள்.

17. நிறையச் செடிக்கு "செய்லானிக்கா" எண்டு முடியுது. எல்லாம் இலங்கையில மட்டும்தான் இருக்கா?

மட்டும் அல்ல. இலங்கையிலிருந்து போன மாதிரியைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள் என்பதே பொருள். 1670களில் ஒல்லாந்தக் கம்பனி வைத்தியராகக் கொழும்பில் இருந்த போல் ஹெர்மன் சேர்த்த உலர்செடிகள் பின்னர் லின்னேயஸ் கைக்குப் போயின. தும்பை, லியூக்காஸ் செய்லானிக்கா, அப்படிப் பெயர் பெற்றது. அது இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் தாராளமாக வளர்கிறது.

18. வீட்டு முன்னுக்கு மஞ்சள் பூவோட படர விட்டிருக்கிறம், மஞ்சள் கரிசலாங்கண்ணி எண்டு தந்தாங்க. சரியா?

பெரும்பாலும் பிழை. நர்சரிகளில் தருவது ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபாட்டா, அமெரிக்க வெப்ப நாட்டுச் செடி. இலையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மடல் துருத்தி மூன்று பிளவு போலத் தெரியும், மேலே பளபளப்பு. உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணி அதே சாதியின் இன்னோர் இனம், இலை ஒடுங்கி, பிளவில்லாமல் இருக்கும். கையாந்தகரை எக்லிப்டா சாதி, பூ வெள்ளை. மூன்றையும் எண்ணெய் காய்ச்சுபவர்கள் மாற்றிப் போடுகிறார்கள்.

ட்ரைலோபாட்டா உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் உள்ளது. கணு பட்ட இடமெல்லாம் வேர்விடும். எடுப்பதென்றால் ஈர மண்ணில் வேரோடு சுருட்டி, கறுப்புப் பொலித்தீன் பையில் கட்டி முழு வெயிலில் வாடி அழுகும்வரை வையுங்கள். வாய்க்காலில் எறிந்தால் வாய்க்கால் முழுக்க அதுதான்.

19. நாங்களே ஒரு செடியிட சாதியைக் கண்டுபிடிக்க என்ன வேணும்?

பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை, சவர அலகு, பழைய பத்திரிகைத் தாள். தை முதல் பங்குனி வரை நல்ல காலம், பூண்டுகள் எல்லாம் பூவும் காயுமாக நிற்கும். வெயில் ஏறுமுன் போங்கள், பல பூ பத்து மணிக்கு மேல் சுருங்கும். வில்லையைக் கண்ணோடு ஒட்டிவைத்து, செடியைத்தான் கிட்டக் கொண்டுவர வேண்டும். எல்லோரும் இதை மாறித்தான் செய்கிறார்கள்.

பார்க்க வேண்டியது: முறித்தால் பால் உண்டா, இலை எதிரெதிரா மாறிமாறியா, இதழும் கேசரமும் எத்தனை, சூலகம் இதழுக்கு மேலா கீழா. கடைசிக் கேள்விக்குப் பூவை நெடுக்காகப் பிளக்க வேண்டும். பிறகு சூலகத்தைக் குறுக்கே வெட்டி அறைகளை எண்ணுங்கள். மூன்று அறை, பால், இதழ் போலத் தெரியாத பூ என்றால் யூபோர்பியாப் பக்கம் போங்கள். பூவும் காயும் உள்ள கிளையைத் தாளுக்குள் விரித்து, ஓர் இலையையாவது மறுபக்கம் திருப்பி வைத்து, புத்தகங்களை மேலே ஏற்றுங்கள். முதல் நான்கு நாளும் தாளைத் தினமும் மாற்றாவிட்டால் எங்கள் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். கக்டஸ், சாறணை போலச் சதையுள்ளவற்றை நெடுக வெட்டி உட்சதையைச் சுரண்டிவிட்டு அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் தாளுக்குள்ளேயே வாரக்கணக்கில் உயிரோடு வளரும். இடம், திகதி, பூவின் நிறம் மூன்றையும் அன்றே எழுதுங்கள். நிறம் காய்ந்தால் போய்விடும்.

20. போன் அப்ல படம் எடுத்தா பேர் சொல்லுதே, பிறகு இதெல்லாம் எதுக்கு?

பூ தெளிவாக விழுந்த படத்துக்குச் சாதியை அநேகமாகச் சரியாகச் சொல்லும், இனத்தில் தடுமாறும். பில்லாந்தஸ் இனங்களை முன்பக்கமாக மட்டும் எடுத்தால் எல்லாம் ஒன்றாகவே தெரியும், கிளையைக் கவிழ்த்துக் காய் தெரிய இன்னொரு படம் எடுங்கள். பூ இல்லாத முள்தண்டைக் காட்டினால் யூபோர்பியாவைக் கக்டஸ் என்று சொல்லிவிடவும் கூடும். அப்போது படத்தை விட்டுவிட்டுப் பஞ்சுத் திட்டைத் தேடுங்கள். சமைக்கவோ மருந்துக்கோ என்றால் அப் சொன்ன பெயரோடு நிறுத்தாமல், செடியைக் கையிலெடுத்து அந்தச் செடியைத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுச் சட்டியை அடுப்பில் வையுங்கள்.